உப்புநீர் வந்த வழி



எங்கள் செம்பட்டி, திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டுக்குப் போகும் சாலையோடு பழனிச் சாலை வந்து கூடுமிடத்தில் அமைந்த ஊர். சாலைகள் கூடும் ஊருக்குச் செய்தி விரைந்து வரும். நோயும் அவ்வாறே விரைந்து வரும். நான் சிறுவனாய் இருந்த நாளில், பழனிக்கு நடந்து செல்லும் அடியார் கூட்டம் இவ்வழியே போகும்போது, காலரா ஊசி போடுவோர் சாலையோரத்தில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பர். அவர்களைக் கண்டதும் எங்களைப் போன்ற சிறுவர்கள் ஓடி ஒளிவதும், எங்கள் ஆசிரியர் எங்களைப் பிடித்துக் கொடுப்பதும் வழக்கம். பிற்காலத்தில் நானும் ஆசிரியனாகி, மாணவர்களைத் தடுப்பூசிக்குப் பிடித்துக் கொடுத்தேன் என்பது வேறு கதை.

நான் மருத்துவன் அல்லேன். முப்பத்தைந்து ஆண்டுகள் வரலாறு கற்பித்து, தலைமை ஆசிரியனாய் இருந்து ஓய்வு பெற்றவன். எனினும் இன்று நான் சொல்ல வந்தது ஒரு புட்டியின் வரலாறு. மருத்துவமனைக் கட்டிலின் அருகே இரும்புக் கம்பியில் தலைகீழாய்த் தொங்குகின்றதே, அந்தப் புட்டி. நம் மக்கள் அதனைச் 'சலைன்' என்றும் 'குளுக்கோசு' என்றும் 'டிரிப்' என்றும் கூறுவர். "உடம்பு தளர்ச்சியாக இருக்கிறது, ஒரு குளுக்கோசு ஏற்றிவிடுங்கள்" என்று நோயாளியே மருத்துவருக்கு யோசனை கூறுவதும் உண்டு. அது முதன்முதலில் எப்போது மனித உடலினுள் சென்றது? யார் செலுத்தினார்? எவ்வளவு செலுத்துவது என்று எவ்வாறு அறிந்தனர்? இவற்றுள் முதல் இரண்டு வினாக்களுக்கும் விடை கிடைத்து 190 ஆண்டுகளுக்கு மேலாயிற்று. மூன்றாவது வினாவுக்கு இன்னும் விடை தேடிக்கொண்டிருக்கின்றனர். அந்த மூன்றாவது வினா எங்கள் குடும்பத்தை இருமுறை தீண்டியதால்தான் நான் இதைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

முதல் முறை 1967-ம் ஆண்டில். எனக்கு அப்போது ஏழு வயது. என் தங்கைக்கு மூன்று வயது நிரம்பவில்லை. சித்திரை மாதத்து வெயிலில் ஒரு நாள் அவளுக்கு வயிற்றுப்போக்குக் கண்டது. பெரியோர் கூடி, "தண்ணீர் கொடுக்காதே, கொடுத்தால் இன்னும் போகும்" என்றனர். குழந்தை தண்ணீர்க் குடத்தைக் காட்டிக் காட்டி அழுதது. அம்மா முந்தானையை நனைத்து அதன் உதட்டில் வைத்தாள். அதற்கும் பாட்டி கடிந்துகொண்டாள். மறுநாட் காலையில் கண்கள் குழிந்து, தோல் சுருங்கி, குரல் ஒடுங்கிவிட்டது. திண்டுக்கல்லுக்கு மாட்டு வண்டி கட்டிக்கொண்டிருக்கையிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. அந்த வீட்டில் அன்பில்லாதவர் ஒருவரும் இல்லை. அறியாமைதான் இருந்தது. அவ்வறியாமை எங்கள் ஊருக்கு மட்டும் உரியதும் அன்று.

உலகத்தின் மிகச் சிறந்த மருத்துவர்களிடமே அது இருந்தது என்பதற்கு 1831-ம் ஆண்டினைப் பார்க்க வேண்டும். வங்காளத்தில் ஜெஸ்ஸூர் என்னும் ஊரில் 1817-ம் ஆண்டில் பெருகிய காலரா, அடுத்த ஆண்டே சென்னை மாகாணத்தில் புகுந்தது. பின்னர்ப் படைகளோடும் வணிகர்களோடும் கப்பல்களோடும் பயணம் செய்து, 1831-ம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்தின் சந்தர்லாந்து துறைமுகத்தை அடைந்தது. அங்கிருந்த மருத்துவர்கள் என்ன செய்தனர்? நோயாளியின் கையைக் கீறி இரத்தத்தை வடித்தனர். பாதரச உப்பைக் கொடுத்து மேலும் பேதியாகச் செய்தனர். நீரெல்லாம் இழந்து உலர்ந்துகொண்டிருப்பவனிடமிருந்து எஞ்சிய நீரையும் எடுத்தனர் என்று சொல்லலாம். எங்கள் பாட்டி, பாவம், அவ்வளவு தூரம் போகவில்லை.

எடின்பரோவில் முன்னரே பட்டம் பெற்றிருந்த இளைஞர் ஒருவர் அவ்வாண்டு சந்தர்லாந்துக்குச் சென்றார். வயது 22. அயர்லாந்து நாட்டு லிமெரிக் நகரத்தவர். பெயர் வில்லியம் புரூக் ஓ'ஷானெஸ்ஸி. அவர் வைத்தியத்தைக் காட்டிலும் இரசாயனத்தில் தேர்ந்தவர். காலராவால் இறந்துகொண்டிருப்போரின் இரத்தத்தை எடுத்து ஆராய்ந்தார். அது தார்போலத் தடித்திருந்தது. அதில் நீர் குறைந்திருக்கிறது, உப்புக்கள் குறைந்திருக்கின்றன என்று அவர் கண்டார். குறைந்தவை எங்கே போயின? நோயாளியின் கழிவில் இருந்தன. அப்படியானால் இழந்ததைத் திரும்பக் கொடுப்பதே வைத்தியம் என்று அவர் எழுதினார். இது 'லான்செட்' இதழில் வெளிவந்தது. கணக்குத் தெரிந்த எவரும் செய்யக்கூடிய கூட்டல் கழித்தல்தான் இது. ஆயினும் அதுவரை அக்கணக்கு மருத்துவ வழக்கில் இடம்பெறவில்லை.

அதனைப் படித்தவர் எடின்பரோவை அடுத்த லீத் துறைமுகத்தில் இருந்த தாமஸ் லாட்டா என்னும் மருத்துவர். 1832-ம் ஆண்டு மே மாதத்தில் அவர் துணிந்தார். முதலில் உப்புநீரைக் குடலினுள் செலுத்திப் பார்த்தார்; பயனில்லை. பின்னர் ஒரு மூதாட்டியின் கையிலுள்ள சிரையைத் திறந்து, ஒரு குழாயைச் செருகி, உப்பும் சோடாவும் கரைத்த வெந்நீரைச் செலுத்தலானார். இவ்விடத்தில் ஒரு சொல். நாம் பேச்சில் 'நரம்பில் ஊசி' என்கிறோம். உடற்கூற்று நூலார் அதை ஒப்பமாட்டார். நரம்பு உணர்ச்சியைக் கொண்டு செல்வது. இதயத்துக்கு இரத்தம் திரும்பிச் செல்லும் குழாய்க்குச் சிரை என்று பெயர். தேர்வில் எழுதும்போது மறவாதீர்கள்.

அம்மூதாட்டிக்கு நாடி அகப்படவில்லை. மூச்சு நின்றுவிடும் நிலை. லாட்டா சிறிது சிறிதாகச் செலுத்தினார். முதலில் ஒன்றும் நிகழவில்லை. பிறகு மூச்சு சீரடைந்தது, குழிந்த கண் ஒளி பெற்றது, நாடி திரும்பியது. அரை மணி நேரத்தில் ஆறு பைண்டு, அதாவது மூன்று லிட்டருக்கும் மேல், உள்ளே போயிற்று. அவள் உரத்த குரலில் பேசினாள்; வேடிக்கையும் பேசினாள்; தூக்கம்தான் வேண்டும் என்றாள். லாட்டா அவளை அம்மருத்துவமனை மருத்துவரின் பொறுப்பில் விட்டுச் சென்றார். அவர் சென்ற பின் வாந்தியும் பேதியும் மீண்டும் தொடங்கின. மறுபடி உப்புநீர் ஏற்ற வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஐந்தரை மணி நேரத்தில் அவள் இறந்தாள். தாம் உடனிருந்து மீண்டும் செலுத்தியிருந்தால் அவள் பிழைத்திருப்பாள் என்றே லாட்டா கருதினார். ஆகவே, உப்புநீர் சிரையில் ஏறிய முதல் நாளிலேயே 'எவ்வளவு' என்னும் வினாவும் உடன் பிறந்துவிட்டது.

லாட்டா 1833-ம் ஆண்டில் இறந்தார். அவருடைய முறையை மேற்கொண்ட பிற மருத்துவர்கள், நோயாளி சாகும் தறுவாயில்தான் அதைச் செய்தனர். கிருமி என்பதை அறியாத காலம். நீரைக் கொதிக்க வைத்துத் தூய்மை செய்ய வேண்டும் என்று தெரியாது. உப்பின் அளவும் சரியில்லை. பலர் இறந்தனர், முறையே தவறு என்று கைவிட்டனர். ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் காலராவுக்கு அது மறந்த மருந்தாகவே இருந்தது.

ஓ'ஷானெஸ்ஸி என்ன ஆனார்? மாணவர்களே, இது கேட்கத்தக்கது. அவர் 1833-ம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வேலையில் அமர்ந்து, காலரா பிறந்த வங்காளத்துக்கே வந்து சேர்ந்தார். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் இரசாயனப் பேராசிரியரானார். ஆனால் இங்கே அவர் புகழ் பெற்றது உப்புநீரால் அன்று. 1839-ம் ஆண்டில் கல்கத்தாவின் அருகே கம்பி கட்டித் தந்தி அனுப்பிப் பார்த்தார். பின்னர் இந்தியத் தந்தித் துறைக்கே தலைவராகி, 1855-ம் ஆண்டில் கல்கத்தாவையும் ஆக்ராவையும் பம்பாயையும் சென்னையையும் கம்பியால் இணைத்துப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். சென்னை மாகாணத்தில் ஆயிரமாயிரமாய் மக்கள் காலராவில் மடிந்த செய்தி பிற்காலத்தில் தந்தியில் பறந்தது. அத்தந்தியை அமைத்தவர் இளமையில் கண்டறிந்த பரிகாரம் மட்டும் அக்கம்பியில் ஏறவில்லை. வரலாற்றில் இவ்வாறு கைநழுவிப் போனவை பல. இதனை மட்டும் என்னால் அமைதியாகப் படிக்க முடிவதில்லை.

மீண்டும் அதைக் கையில் எடுத்தவரும் கல்கத்தாவிலேயே இருந்தார். லெனார்டு ராஜர்ஸ் என்னும் மருத்துவப் பேராசிரியர், இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில், உப்பு மிகுந்த நீரைக் காலரா நோயாளிகளின் சிரையில் செலுத்தினார். நூற்றுக்கு 60 பேர் என்ற அளவில் இருந்த சாவு, சுமார் 30 என்னும் அளவுக்கு இறங்கியது. அவர் செய்த வேலைகளுள் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று. வெவ்வேறு அடர்த்தியுள்ள திரவங்களைச் சிறு புட்டிகளில் வைத்துக்கொண்டு, நோயாளியின் இரத்தத்தில் ஒரு துளியை அவற்றில் விடுவார். அது மிதக்கிறதா, ஆழ்கிறதா என்று பார்த்து, இரத்தம் எவ்வளவு தடித்திருக்கிறது என்று கணித்து, அதற்கேற்ப உப்புநீரைச் செலுத்துவார். 'எவ்வளவு' என்னும் வினாவை அளந்து பார்த்து விடை காண முயன்றவர் அவர்.

புட்டியினுள் என்ன இருக்க வேண்டும் என்பதற்கும் ஒரு கதை உண்டு. லண்டனில் சிட்னி ரிங்கர் என்னும் மருத்துவர், 1882, 1883-ம் ஆண்டுகளில், தவளையின் இதயத்தை வெளியில் எடுத்து உப்புநீரில் துடிக்கவைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். இதயம் நன்றாகத் துடித்தது. பின்னர்தான் தெரிந்தது, உதவியாளர் காய்ச்சி வடித்த நீருக்குப் பதிலாகக் குழாய் நீரைப் பயன்படுத்திவிட்டார் என்று! தூய நீரில் அதே உப்பைக் கரைத்தபோது இதயம் சோர்ந்தது. குழாய் நீரில் கலந்திருந்த சுண்ணச் சத்தே இதயத்துக்கு வேண்டியிருந்தது. 1932-ம் ஆண்டில் அமெரிக்காவின் செயிண்ட் லூயி நகரத்துக் குழந்தை மருத்துவர் அலெக்சிஸ் ஹார்ட்மன், ரிங்கரின் நீரில் லாக்டேட் என்னும் பொருளைச் சேர்த்தார். இதனைக் கல்லீரல் பெரும்பாலும் ஏற்று, இரத்தத்தின் புளிப்பைத் தணிக்கும் பொருளாக மாற்றிவிடும். இன்றும் மருத்துவமனைகளில் 'ஆர்.எல்.' என்று சொல்லித் தொங்கவிடுவது ரிங்கர், ஹார்ட்மன் ஆகிய இருவரின் நீரையே. இதில் கல்லீரலுக்குள்ள பங்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் வேண்டியிருக்கும்.

இனி 1971-ம் ஆண்டு. வங்காள தேசத்து விடுதலைப் போரின்போது எல்லை கடந்து வந்த ஏதிலிகளிடையே காலரா பரவியது. போங்காவ் என்னும் எல்லை ஊரின் மருத்துவமனையில் நோயாளிகள் தரையில் கிடந்தனர். உப்புநீர்ப் புட்டிகள் தீர்ந்துகொண்டிருந்தன. அங்கிருந்த திலீப் மஹலனபீஸ் என்னும் மருத்துவர், ஒரு லிட்டர் நீரில் 22 கிராம் குளுக்கோசும், 3.5 கிராம் உப்பும், 2.5 கிராம் சோடாவும் கலந்து, நோயாளியின் தாய் தந்தையரிடம் கொடுத்து வாய்வழியே புகட்டச் செய்தார். முன்னரே ஹேமேந்திரநாத் சட்டர்ஜி என்பவர் 1953-ம் ஆண்டில் கல்கத்தாவில் இதைப் போன்றதொரு நீரைக் கொடுத்திருந்தார். டாக்காவில் 1968-ம் ஆண்டில் நன்கு அளந்து சோதித்திருந்தனர். சர்க்கரையைக் குடல் உறிஞ்சும்போது உப்பையும் அதனோடு நீரையும் சேர்த்து உறிஞ்சுகிறது என்பதே இதன் அடிப்படை. சுமார் 30 விழுக்காடாய் இருந்த சாவு, அந்த நீரைப் பருகியோரிடையே 3.6 விழுக்காடாய் இறங்கிற்று.

என் தங்கை இறந்து நான்கே ஆண்டுகளில் இது நிகழ்ந்தது. ஒரு குடம் தண்ணீரும், ஒரு கைப்பிடி சர்க்கரையும், ஒரு சிட்டிகை உப்பும் எங்கள் வீட்டிலும் இருந்தன. பிற்காலத்தில் நான் எந்த வகுப்பில் எந்தப் பாடம் நடத்தினாலும், ஆண்டுக்கு ஒரு நாள் இதனைச் சொல்லாமல் விட்டதில்லை. "பேதி கண்ட பிள்ளைக்குத் தண்ணீர் கொடு; கொடுத்துக்கொண்டே இரு" என்று கரும்பலகையில் எழுதிப் போடுவேன். அது சரியான பாடம்தான். ஆனால் 'நீர் மிகுந்தால் நன்மை மிகும்' என்று என் மனத்துக்குள்ளேயே ஒரு தவறான பாடமும் ஊன்றிவிட்டதை நான் அறியவில்லை. அதை அறிந்தது 2023-ம் ஆண்டு ஐப்பசி மாதத்தில்.

என் தம்பி மகன் தென்னந்தோப்பு வைத்திருப்பவன். ஒரு நாள் இரவு உணவுக்குப் பின் அவனுக்கு மேல்வயிற்றில் வலி கண்டது. வலி முதுகை ஊடுருவியது. குனிந்து உட்கார்ந்தால் சற்றுத் தணியும். படுத்தால் பொறுக்க முடியாது. ஓயாத வாந்தி. அருகிலிருந்த ஒரு சிறு மருத்துவமனையில் வாயுக் கோளாறு என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டனர். ஒரு பகல் வீணாயிற்று. மறுநாள் மதுரையில் ஒரு பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அங்கே இரத்தத்தைச் சோதித்து, "கணையம் வெந்துபோயிருக்கிறது" என்றனர்.

கணையம் என்பது இரைப்பையின் பின்னால் குறுக்கே கிடக்கும் ஓர் உறுப்பு. நீளம் சுமார் 15 சென்டிமீட்டர். எடை 100 கிராம் அளவு. சர்க்கரை நோயோடு தொடர்புள்ள இன்சுலினைச் சுரப்பதால் அதன் பெயரைக் கேட்டிருப்பீர்கள். அதன் மற்றொரு தொழில் உணவைச் செரிக்கும் நீரைச் சுரப்பது. நாள்தோறும் ஒரு லிட்டருக்கு மேல் சுரக்கும். அந்நீர் செல்லும் குழாயை 1642-ம் ஆண்டில் இத்தாலியின் பாதுவா நகரில் விர்சுங் என்பவர் கண்டார். தூக்கிலிடப்பட்ட ஒருவனின் உடலை அறுத்துப் பார்த்துக் கண்டு, செப்புத் தகட்டில் படம் செதுக்கி, பல நாட்டு அறிஞர்க்கும் அனுப்பி, 'இது யாது?' என்று கேட்டார். தக்க விடை வருமுன்பே, மறு ஆண்டில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இறைச்சியையும் கொழுப்பையும் கரைக்கும் அந்நீர், தன்னைச் சுரந்த கணையத்தை ஏன் கரைப்பதில்லை? குடலை அடையும் வரை அது உறங்கும் நிலையில் இருப்பதே காரணம். குழாய் அடைபட்டாலோ, மது முதலியவற்றால் கணையம் கேடுற்றாலோ, அது உள்ளேயே விழித்துக்கொள்கிறது. தான் இருந்த வீட்டையே அரிக்கத் தொடங்குகிறது. 1889-ம் ஆண்டில் பாஸ்டன் நகரத்து ரெஜினால்டு ஃபிட்ஸ் இந்நோயின் குறிகளைத் தொகுத்தார். 1896-ல் ஹன்ஸ் கியாரி, இது கணையம் தன்னைத் தானே செரித்துக்கொள்ளும் நோய் என்றார். 1901-ல் யூஜீன் ஓபி, பித்தப்பையிலிருந்து நழுவிய சிறு கல்லொன்று பித்தக் குழாயும் கணையக் குழாயும் கூடும் வாயிலில் சிக்கியிருந்ததை ஒரு பிணச் சோதனையில் கண்டார். என் தம்பி மகனுக்கு நேர்ந்ததும் அதுவே. அவன் மதுவைத் தொடாதவன். கேரளத்தில் சிறு வயதினரிடையே நெடுநாள் நீடித்துக் கணையத்தில் கல் விளையும் நோய் ஒன்று உண்டு. அதனை கீவர்கீஸ் என்னும் மருத்துவர் ஆராய்ந்து 1968-ம் ஆண்டில் நூலாக எழுதினார். அது வேறு, நான் சொல்லும் திடீர் நோய் வேறு.

மருத்துவமனையில் முதற் சில மணி நேரம் உப்புநீரை வேகமாக ஏற்றினர். அவனுக்கு நா உலர்ந்திருந்தது, சிறுநீர் இல்லை, நாடி படபடத்தது. எனக்குத் திருப்தியாயிருந்தது. மாலையில் சிறுநீர் நன்றாகப் பிரிந்தது. இரவில் வந்து பார்த்த பெண் மருத்துவர், புட்டியின் வேகத்தைக் குறைத்துவிட்டார். மறுநாள் இன்னும் குறைத்தார். உறவினர் முணுமுணுத்தனர். "பணத்தை வாங்கிக்கொண்டு பாட்டிலை நிறுத்திவிட்டார்களே!" என்றாள் என் தம்பி மனைவி. யாவர்க்கும் முன்னே சென்று சண்டை பிடித்தவன் நான். அறுபது வயதைக் கடந்த ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியன், மருத்துவமனை நடையில் நின்று உரத்த குரலில் கேட்டேன்: "அம்மா, நாவறண்ட பிள்ளைக்குத் தண்ணீரை மறுப்பது எந்த வைத்தியம்?" என் கண்ணில் இருந்தது அவன் அல்லன், 1967-ம் ஆண்டின் குழந்தை.

அந்த மருத்துவர் சினம் கொள்ளவில்லை. என்னைக் கட்டிலருகே அழைத்துப் போனார். "ஐயா, அவர் வயிற்றைத் தொட்டுப் பாருங்கள்" என்றார். தொட்டேன். மத்தளம்போல் இறுகியிருந்தது. "மூச்சைப் பாருங்கள்" என்றார். மேல்மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கண்ணின் வெண்மை மஞ்சளாயிருந்தது. "நேற்று அவருக்கு நீர் வேண்டியிருந்தது, கொடுத்தோம். இன்று கொடுக்கும் நீர் இரத்தக் குழாயில் தங்குவதில்லை. கசிந்து வயிற்றிலும் நுரையீரலிலும் சேருகிறது" என்றார்.

எனக்கு உடனே ஆத்தூர் வாய்க்கால் நினைவுக்கு வந்தது. பேதி என்பது குளத்து நீரை இறைத்து வெளியே கொட்டுவது போன்றது. கொட்டிய அளவு மீண்டும் நிரப்பினால் குளம் நிரம்பும். இந்நோய் அவ்வாறன்று. வாய்க்காலின் கரை அரித்துப்போன நிலை இது. நீர் ஊரை விட்டுப் போகவில்லை; ஆனால் வயலுக்கும் போய்ச் சேரவில்லை. சிறிதும் விடாவிட்டால் கடைமடை காயும். மதகை முழுதும் திறந்துவிட்டால், உடைப்பின் வழியே வழிந்து தெருவெல்லாம் வெள்ளமாகும். கரை அடைபடும் வரை, அளந்து அளந்து விட வேண்டும்.

கல்லீரலின் நிலையையும் அவர் விளக்கினார். இரைப்பை, குடல், கணையம் ஆகியவற்றைச் சுற்றி வரும் இரத்தம் நேரே இதயத்துக்குப் போவதில்லை. வாயிற்சிரை என்னும் பெருங்குழாய் வழியே முதலில் கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் பெறும் இரத்தத்தில் முக்காற் பங்கு இவ்வழியே வருவது. ஆகவே வெந்த கணையத்தின் நச்சுநீர்களை முதலில் எதிர்கொள்வது கல்லீரலே. அங்குக் காவலிருக்கும் உயிரணுக்கள், 1876-ம் ஆண்டில் அவற்றை விவரித்த குப்ஃபரின் பெயரால் வழங்குபவை, அந்நச்சைக் கண்டு கிளர்ந்தெழுந்து, அழற்சியூட்டும் பொருள்களைத் தாமும் வெளிவிடுகின்றன. காவலாளியே வீட்டுக்குத் தீ வைப்பது போன்ற நிலை. இரத்த ஓட்டம் குறைந்தால் கல்லீரல் மூச்சின்றி வாடும். ஆதலால் முதலில் நீர் வேண்டும். நீர் மிகுந்து வயிற்றின் உள்ளழுத்தம் ஏறினால், கல்லீரலுக்கு வரும் இரத்தம் நெருக்குண்டு, அதே கல்லீரல் மீண்டும் வாடும். மெலிந்தாலும் கேடு, மிகுந்தாலும் கேடு. வயிற்றினுள் அழுத்தம் வழக்கமாக 5 முதல் 7 மில்லிமீட்டர் பாதரச அளவு இருக்கும். 20-ஐத் தாண்டி உறுப்புக்கள் செயலிழக்கத் தொடங்கினால் உயிருக்கே இடர். அவனுக்குக் கண் மஞ்சளானதற்கு, கல் பித்தத்தின் வழியை அடைத்திருந்ததும் காரணம். மூன்றாம் நாள் வாய்வழியே உள்நோக்கிக் குழாயைச் செலுத்தி அக்கல்லை எடுத்தனர்.

வீட்டுக்கு வந்தபின் என் ஐயத்தைத் தீர்க்க நூல்களைத் தேடினேன். மருத்துவர்களும் என்னைப் போலவே நம்பியிருந்தனர் என்று கண்டபோது ஒருவாறு ஆறுதலாயிருந்தது. கணைய அழற்சிக்குத் தொடக்கத்திலேயே நீரை மிகுதியாக ஏற்ற வேண்டும் என்பதே பல ஆண்டுகளாக அறிவுரை. 2013-ம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டி மணிக்கு 250 முதல் 500 மில்லிலிட்டர் வரை கொடுக்கச் சொன்னது. ஆனால் 2009-ம் ஆண்டிலேயே சீன மருத்துவர்கள், கடுமையாய் நோயுற்ற 76 பேரை இரு பிரிவாக்கிப் பார்த்திருந்தனர். நீரை மிக வேகமாகப் பெற்றோரில் பிழைத்தவர் 69.4 விழுக்காடு, நிதானமாகப் பெற்றோரில் 90 விழுக்காடு.

2022-ம் ஆண்டு செப்டம்பரில் மற்றொரு சோதனையின் முடிவு வெளியாயிற்று. ஸ்பெயின் நாட்டு என்ரிக்கே தெ மதாரியா என்பவர் தலைமையில் இந்தியா, இத்தாலி, மெக்சிக்கோ, ஸ்பெயின் ஆகிய நான்கு நாட்டு மருத்துவமனைகள் அதில் சேர்ந்தன. நோய் இன்னும் முற்றாத 249 பேரை ஆராய்ந்தனர். 60 கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஒரு பிரிவில் அவருக்கு முதலில் 1,200 மில்லிலிட்டரும், பின் மணிக்கு 180 மில்லிலிட்டரும் ஏற்றினர். மறு பிரிவில், உடல் உலர்ந்திருந்தால் மட்டும் முதலில் 600, பின் மணிக்கு 90. முதற் பிரிவில் 20.5 விழுக்காட்டினர்க்கு உடலில் நீர் மிகுந்து தொல்லை வந்தது; மறு பிரிவில் 6.3 விழுக்காட்டினர்க்கே வந்தது. நோய் முற்றுவதையோ மிகுந்த நீர் தடுக்கவில்லை. ஆதலால் சோதனையை நடுவிலேயே நிறுத்திவிட்டனர். அதற்கு அடுத்த மாதம், அக்டோபரில், கல்கத்தாவில் மஹலனபீஸ் காலமானார். 2023-ம் ஆண்டில் அவருக்குப் பத்ம விபூஷண் விருது அவர் மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது.

இவ்விரண்டு செய்திகளையும் முரணென்று எண்ணிவிடாதீர்கள். பேதிக்கு இன்றும் மஹலனபீஸ் சொன்னதே சரி. அங்கே நீர் குடலால் வெளியேறுகிறது. இங்கே உடலுக்குள்ளேயே வழி தவறுகிறது. இரண்டிலும் நோயாளியின் நாக்கு ஒரே மாதிரிதான் உலர்ந்திருக்கும். வித்தியாசத்தை அறியக் கட்டிலருகே நின்று அளந்து பார்ப்பவர் ஒருவர் வேண்டும்.

என் தம்பி மகன் பதினோராம் நாள் கஞ்சி குடித்தான். இரண்டு திங்கள் கழித்துப் பித்தப்பையையும் எடுத்துவிட்டனர். இப்போது தோப்புக்குப் போய் வருகிறான். எண்ணெய்ப் பலகாரத்தைக் கண்டால் மட்டும் என் முகத்தைப் பார்ப்பான்.

மருத்துவமனையில் மணிக்கு ஒருமுறை செவிலியர் ஒரு தாளில் இரண்டு எண்களை எழுதிக்கொண்டிருந்தனர்: உள்ளே சென்ற நீர், வெளியே வந்த நீர். நான் சண்டை பிடித்த மறுநாள், அந்த மருத்துவர் அதைப் போன்ற ஒரு வெறுந்தாளை என் கையில் கொடுத்து, "நீங்களும் ஒரு படி எழுதிக்கொள்ளுங்கள், ஐயா, கணக்கு வாத்தியாருக்குப் பொழுதும் போகும்" என்றார். நான் வரலாற்று ஆசிரியன் என்று அவரைத் திருத்தவில்லை. எட்டு நாள் எழுதினேன். அத்தாள்கள் என் அலமாரியில் இருக்கின்றன. கடைசித் தாளின் கடைசி வரி: உள்ளே 1,900, வெளியே 1,450. அதற்குக் கீழே என் கையெழுத்திலேயே, 'நாடி 84, மூச்சு சீர், கண் வெளுத்துவிட்டது' என்று இருக்கிறது.